ஆறு நாளைக்கு ஓர் இடம்

"ஆளை எறக்கி விட்டுட்டுக் காடியை வெளிய எடுத்துடணும் தம்பி. அஞ்சு நிமிசந்தான்."

"எறக்க வேண்டிய ஆளே நாந்தாண்ணே."

ஈப்போ ஆஸ்பத்திரி வாசலில் நின்ற காவல்காரர் குனிந்து காருக்குள் பார்த்தார். முன்சீட்டில் யாரும் இல்லை. பின்சீட்டில் ஒரு துணிப்பையும் ஒரு ஃபிளாஸ்க்கும் கிடந்தன. சின்ன உருவமாக யாராவது சுருண்டு படுத்திருக்கலாம் என்று நினைத்தவர்போல இன்னொரு தடவை பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்பக் காடியை யாரு எடுத்துட்டுப் போறது?"

அதைக் கேட்கத்தான் நிறுத்தினேன் என்று காரில் இருந்தவன் சொன்னான். ஆறு நாளைக்கு வேலி ஓரமாகவோ, அந்தத் தூங்குமூஞ்சி மரத்துக்கு அடியிலோ விட்டுவைக்க முடியுமா என்று கேட்டான்.

அவன் பெயர் சன்னாசி. வயது முப்பத்தேழு. தைப்பிங்கை ஒட்டிய கமுந்திங் தொழிற்பேட்டையில் நூல் ஆலை ஒன்றில் வேலை. சிறுநீரகத்தில் கல். நாளைக் காலை அறுவைச் சிகிச்சை. இன்று மாலை நான்கு மணிக்குள் வார்டில் பெயர் பதிய வேண்டும், தவறினால் கட்டில் அடுத்தவருக்குப் போய்விடும் என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். அந்தக் கட்டிலுக்காக அவன் ஐந்து மாதம் காத்திருந்தான். இப்போது மணி ஒன்று பத்து.

காவல்காரர் சதாசிவம் கடுமையான மனிதர் அல்ல. முன்பக்கம் ஆம்புலன்சுக்கு, பின்பக்கம் டாக்டர்களுக்கு, ராத்திரி இங்கே வெளி வண்டி ஒன்றுகூட நிற்கக் கூடாது என்று விரல்விட்டுச் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஆப்பரேசன் முடிஞ்சு எப்பிடி வீட்டுக்குப் போவ?"

"இந்தக் காடியிலதான்."

"யாரு ஓட்டுவா?"

சன்னாசி ஸ்டேரிங்கைப் பார்த்தான்.

"வயித்தைக் கிழிச்சுத் தச்சிட்டு, கோலகங்சார் தாண்டி அந்த மலை வளைவெல்லாம் நீயே ஓட்டிக்கிட்டுப் போவியா? நல்ல பிளான்லா."

"ஆறாம் நாளு நடக்கலாம்னு டாக்டர் சொன்னாரு."

"நடக்கலாம்னுதான சொன்னாரு."

ஈப்போவில் உனக்கு ஆள் இல்லையா என்று சதாசிவம் கேட்டார். இருக்கிறார்கள் என்று சன்னாசி சட்டென்று சொன்னான். அந்தப் பொய் எவ்வளவு தயாராக நாக்கில் காத்திருந்தது என்பது அவனுக்கே வியப்பாக இருந்தது. அப்படியானால் அவர்கள் வீட்டில் விட்டுவிட்டு வா, நாலு மணிக்கு முன்னால் வந்து சேர் என்று சொல்லிச் சதாசிவம் பின்னால் வந்த வண்டிக்குக் கை காட்டப் போய்விட்டார்.

அது பழைய மோரிஸ் மைனர். வெளிர் பச்சை. மூன்று மாதத்துக்கு முன்பு வாங்கியது. அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு விடியற்காலை வலி தாங்காமல் சன்னாசி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினான். அந்த வீட்டுக்காரர் எழுந்து வந்தார், காரில் ஏற்றினார், தைப்பிங் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார். ஒரு வார்த்தை முகம் சுளிக்கவில்லை. வழி முழுக்கக் கொட்டாவி மட்டும் விட்டார். அந்தக் கொட்டாவிகள் சன்னாசிக்கு வலியைவிட நீளமாக இருந்தன. நன்றி சொல்ல மறுநாள் மாம்பழம் வாங்கிக்கொண்டு போனான். அதை வாங்கிக்கொள்ளவும் அவருக்குக் கூச்சம், கொடுக்கவும் இவனுக்குக் கூச்சம். அதன் பிறகு இருவரும் வாசலில் பார்த்தால் வேகமாக உள்ளே போனார்கள். கார் ஒன்று இருந்துவிட்டால் யார் வாசலிலும் போய் நிற்க வேண்டாம் என்று அப்போதுதான் அவனுக்குத் தோன்றியது. இன்று அந்தக் காரை வைத்துக்கொண்டே ஊரெல்லாம் கேட்டு நிற்கிறான்.

ஈப்போ அன்று மிகவும் பெரிதாக இருந்தது. அவன் இதற்கு முன் பலமுறை வந்திருக்கிறான், ஆனால் எப்போதும் பஸ்ஸில். பஸ்ஸில் வருகிறவனுக்கு ஊர் என்பது கடைகளும் கூட்டமும். காரில் வருகிறவனுக்கு அது ஏற்கெனவே நிறைந்துபோன ஓரங்கள். எல்லாத் தெருக்களிலும் கார்கள் மாடுகள் மாதிரி வரிசையாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்காகக் காத்திருந்தது. கடைத்தெருவில் சீருடை போட்ட மலாய்க்காரப் பெண் ஒருத்தி, நின்ற வண்டிகளின் கண்ணாடியில் கட்டணச் சீட்டுச் செருகிக்கொண்டே வந்தாள். ஆறு நாளைக்கு விட்டால் எத்தனை சீட்டு வரும் என்று சன்னாசி அவளிடம் கேட்டான். அவள் சிரித்தாள். கேலியாக அல்ல. விடுகதை என்று நினைத்துக்கொண்டாள் போலிருந்தது.

ஒரு சந்தின் கோடியில் சீனர் ஒருவரின் பட்டறை இருந்தது. தாராளமாக விடலாம், சாவியைக் கொடுத்துவிட்டுப் போ என்றார் அவர். பட்டறைக்குப் பின்னால் மூன்று கார்கள் நின்றன. ஒன்றுக்குச் சக்கரம் இல்லை. இன்னொன்றின் முன்கண்ணாடி வழியாகப் புல் வெளியே வந்திருந்தது. அவையும் ஒருகாலத்தில் ஆறு நாளைக்கென்று விடப்பட்டவைதானோ என்று சன்னாசிக்கு ஒரு நினைப்பு வந்தது. வந்த பிறகு சாவியைக் கொடுக்கக் கை வரவில்லை.

கடைசியில் பர்சைத் திறந்து, சிகரெட் பெட்டி அட்டையிலிருந்து கிழித்த ஒரு துண்டை எடுத்தான். ஜெலாப்பாங்கில் ஒரு முகவரி. சுங்கை சிப்புட் பக்கத்தில் அவர்கள் இருந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபோது, அடுத்த வீட்டு ஜெயபாலன் லாரியில் சாமான்களுக்கு மேல் உட்கார்ந்துகொண்டு எழுதிக் கொடுத்தது. ஈப்போ வந்தா கண்டிப்பா வா மச்சான் என்றான். எட்டு வருடம் ஆயிற்று. சன்னாசி ஒரு தடவையும் போகவில்லை. முதல் வருடம் லீவு இல்லை. இரண்டாம் வருடம் வெறும் கையோடு எப்படிப் போவது என்று இருந்தது. பிறகு, இத்தனை நாள் போகாமல் இப்போது ஏன் என்று கேட்பானே என்று இருந்தது. இன்று அதற்குப் பதில் இருந்தது, ஆனால் அது நல்ல பதில் இல்லை. காரை நிறுத்த இடம் வேண்டும் என்று எட்டு வருடம் கழித்து ஒருவன் வந்து நின்றால் என்ன நினைப்பான். வழியெல்லாம் இதையே யோசித்துக்கொண்டு போனான். முதலில் குடும்பத்தைப் பற்றிக் கேட்க வேண்டும், காப்பி கொடுத்தால் குடிக்க வேண்டும், அதன் பிறகு பேச்சோடு பேச்சாகச் சொல்ல வேண்டும்.

கதவைத் திறந்தவள் ஈரத் தலையில் துண்டு சுற்றியிருந்த ஓர் இளம்பெண். அந்தப் பெயரில் யாரும் இல்லை என்றாள். முன்பு இருந்தவர்கள் கோலாலம்பூருக்குப் போய் இரண்டு வருடம் இருக்கும், எந்தப் பக்கம் என்று தெரியாது. பேசும்போது கதவைப் பாதி சாத்தியே வைத்திருந்தாள். சன்னாசி நன்றி சொன்னான். அட்டைத் துண்டை மடித்துத் திரும்பவும் பர்சில் வைத்தான். அந்த முகவரியில் இனி யாரும் இல்லை என்பது தெரிந்தும் அதை எறிய மனம் வரவில்லை.

மணி இரண்டரை தாண்டியிருந்தது.

அப்போதுதான் அவனுக்கு முனியாண்டி சாமி நினைவு வந்தது. தோட்டத்தில் இருபத்திரண்டாம் மர நிரையின் முனையில் ஒரு கல் நின்றது. அதற்கு முன்னால் எதை விட்டுவிட்டுப் போனாலும் யாரும் தொட மாட்டார்கள். சைக்கிள், பால்வாளி, சம்பள நாளில் வாங்கிய அரிசி மூட்டைகூட. ஆள் வைத்துக் காக்க வேண்டியதில்லை. எத்தனை நாளைக்கு, யார் வந்து எடுப்பார், உனக்கு இங்கே யார் இருக்கிறார் என்று அந்தக் கல் கேட்பதில்லை. ஈப்போவில் தமிழர்கள் நிறைந்த புந்தோங்கில் முனியாண்டி கோயில் இல்லாமலா இருக்கும்?

இருந்தது. இரண்டு சந்துகள் கூடும் இடத்தில், ஆலமரத்தை ஒட்டிச் சின்னக் கோயில். முன்னால் அகலமான மண்தரை. பத்துக் கார் நிற்கலாம். ஒன்றுகூட இல்லை. சன்னாசிக்கு நெஞ்சு லேசானது. ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தி இறங்கினான். மரத்தடியில் பூவும் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் விற்கிற அம்மாள் ஒருத்தி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். உள்ளேயிருந்து காவி வேட்டி கட்டிய பூசாரி வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், பெயர் பத்துமலை. சன்னாசி காலையில் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய காரை அவர் ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார்.

காடியை இங்கே, என்று சன்னாசி தொடங்கினான்.

"இங்கதாண்ணே விடணும். இன்னும் கொஞ்சம் முன்னாடி எடுங்க. சாமிக்கு நேரா மொகம் இருக்கணும்."

அன்று செவ்வாய்க்கிழமை. சுத்தமாகக் கழுவிய காரில் சுத்தமான சட்டையோடு ஒருவன் முனியாண்டி முன்னால் வந்து இறங்கினால், அவன் புதிதாக வாங்கிய வண்டிக்குப் பூசை போட வந்திருக்கிறான் என்றுதான் புந்தோங்கில் யாரும் நினைப்பார்கள். பூசாரி பூக்காரம்மாளுக்குக் கை காட்டினார். அவள் எண்ணிப் பாராமலே பழங்களைத் தட்டில் வைத்து எழுந்து வந்தாள். சன்னாசி வாயைத் திறப்பதற்குள் நான்கு சக்கரத்துக்கும் கீழே நான்கு எலுமிச்சம்பழம் போய்விட்டது. பானெட்டில் சந்தனம் பூசினார்கள். பம்பரில் மாலை விழுந்தது. இல்லை, நான் அதற்கு வரவில்லை என்று சாமிக்கு முன்னால் நின்று எப்படிச் சொல்வது? நாளைக்குக் கத்திக்குக் கீழே படுக்கப் போகிறவன் அப்படிச் சொல்வானா?

"பேரு, நட்சத்திரம் சொல்லுங்கண்ணே."

"சன்னாசி. நட்சத்திரம் தெரியாது."

"தெரியாட்டிப் பரவால்ல. வீட்டுல உள்ளவங்க?"

தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. பூசாரி கண்ணை மூடிக் காத்திருந்தார். பூக்காரம்மாளும் காத்திருந்தாள். மற்றவர்கள் இந்த இடத்தில் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு போவார்கள், மனைவி, மூத்தவள், இளையவன், தங்கச்சி, தங்கச்சி பிள்ளைகள் என்று. சன்னாசிக்கு அம்மாவின் பெயர் வாய்வரை வந்தது. அவள் போய்ப் பதினொரு வருடம். போனவர்களின் பெயரைச் சொல்லலாமா கூடாதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"அவ்வளவுதாங்க," என்றான்.

பூசாரி கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தார். பிறகு மெதுவாக, மீதியைச் சாமி பேருக்கே பண்ணிடலாம் என்று சொல்லிவிட்டு மந்திரத்தைத் தொடர்ந்தார். தேங்காய் உடைந்தது. ஸ்டேரிங்கில் மஞ்சள் கயிறு கட்டினார்கள். ஏறி, பழத்தை நசுக்கிக்கொண்டு நேராகப் போங்கள், இடையில் நிறுத்தக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது, நேரே வீட்டுக்குப் போய்த்தான் எஞ்சினை அணைக்க வேண்டும் என்று பூசாரி சொன்னார். அவர் குரலில் வாழ்த்து இருந்தது.

சன்னாசி ஏறினான். எலுமிச்சம்பழங்கள் ஒவ்வொன்றாக நசுங்கிய சத்தம் உள்ளங்காலில் கேட்டது. விட்டுவைக்க வந்த இடத்திலிருந்து சகல மரியாதையோடும் வெளியேறினான்.

சொன்னபடியே நேராகப் போனான். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. சில்லிபின் தாண்டி வடக்கே போகும் பெரிய சாலை வந்தது. வெயில் தாரில் நீர்போல அசைந்தது. மாலையின் சாமந்திப் பூக்கள் காற்றில் பிய்ந்து ஒவ்வொன்றாகப் பின்னால் பறந்தன. இதே சாலையில் இன்னும் ஒன்றரை மணி நேரம் போனால் கமுந்திங். வாடகை அறை. பாயை விரித்துப் படுத்துக்கொள்ளலாம். கல் உள்ளேயே கிடக்கட்டும். இத்தனை நாள் அதனோடு இருந்தாயிற்று, ஒருவகையில் அது ஒன்றுதான் எங்கே போனாலும் கூடவே வருகிறது. ஆலையில் ஆறு நாள் லீவு என்று மட்டும்தான் சொல்லியிருந்தான், எதற்கென்று சொல்லவில்லை. அவன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை.

அந்த எண்ணம் முதலில் ஆறுதலாகத்தான் வந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு அதற்கு மறுபக்கமும் உண்டு என்று தெரிந்தது. போனாலும் யாருக்கும் தெரியாது. நாளைக் காலை அவனை வெளிச்சத்துக்குக் கீழே படுக்க வைப்பார்கள், மயக்க மருந்து கொடுப்பார்கள், அந்த நேரத்தில் சன்னாசி என்ற ஒருவன் அங்கே படுத்திருக்கிறான் என்று நினைக்க இந்த உலகத்தில் ஓர் ஆள் இருக்காது. கண் விழிக்காமல் போனால், இந்தக் கார்தான் எங்கேயாவது ஓர் ஓரத்தில் நின்று, இத்தனை நாளாக யாருடையது இது என்று யாரையாவது கேட்க வைக்கும். அதற்காவது அது ஆள் பார்க்கிற இடத்தில் நிற்க வேண்டும்.

ஒரு பெட்ரோல் நிலையத்தில் காரைத் திருப்பினான். பூசாரி சொன்னதை மீறுகிறோம் என்று உடம்பு கூசியது. மணி மூன்றே கால்.

மரத்தடியில் தேங்காய்ச் சில்லைக் கடித்துக்கொண்டிருந்த பூசாரி, பச்சைக் கார் திரும்பி வருவதைப் பார்த்து எழுந்துவிட்டார். பூக்காரம்மாள் எழவில்லை. அவள் பெயர் நல்லம்மாள். ஐம்பதுக்கு மேல் இருக்கும், வெற்றிலை போட்ட வாய்.

"என்ன தம்பி, சாமியை மறந்து வச்சிட்டுப் போயிட்டியா?" என்றாள்.

சன்னாசி இறங்கி நின்று சொன்னான். இந்தத் தடவை முழுவதையும் சொன்னான். பூசைக்கு வரவில்லை, காரை விட இடம் தேடி வந்தேன், ஆஸ்பத்திரியில் விடவில்லை, ஜெலாப்பாங்கில் ஆள் இல்லை, நாலு மணிக்குள் வார்டில் இருக்க வேண்டும். சொல்லச் சொல்ல, காலையிலிருந்து இதை யாரிடமும் இப்படி வரிசையாகச் சொல்லவில்லை என்பது அவனுக்கே புரிந்தது.

பூசாரிக்குத்தான் சங்கடம். கோயில் தரையில் விட்டால் வெள்ளிக்கிழமை பூசைக்கு வருகிற வண்டிகளுக்கு இடம் இருக்காது, அதோடு பூசை முடிந்த வண்டி சாமி முன்னால் நின்றால் காணிக்கை விட்டதாக ஆகிவிடும், ஆட்கள் வந்து கும்பிட ஆரம்பித்துவிடுவார்கள் என்றார். போன வருடம் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு அப்படித்தான் ஆயிற்றாம்.

நல்லம்மாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, கோயிலுக்கு அடுத்த பலகை வீட்டைக் காட்டினாள். வீட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட கார்க் கொட்டகை ஒன்று இருந்தது. சிமெண்டுத் தரை, நான்கு இரும்புத் தூண்.

"மவன் சிங்கப்பூர்ல கப்பல் பட்டறையில இருக்கான். காடி வாங்கப் போறேன், மொதல்ல கொட்டாயைப் போடும்மான்னான். ரெண்டு வருசமாச்சு. கோழிதான் படுத்துக்கிட்டு இருக்கு. போடு உள்ள."

கோழிகள் கத்திக்கொண்டு ஓடின. மோரிஸ் மைனர் அந்தக் கொட்டகைக்கு அளவெடுத்தாற்போல உட்கார்ந்தது. சன்னாசி எஞ்சினை அணைத்தான். ஒரு கணம் ஸ்டேரிங்கில் கை வைத்தபடியே இருந்தான். ஊர் முழுவதும் சுற்றிய சத்தம் காதுக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

நல்லம்மாள் பின்சக்கரத்துக்கு ஒரு செங்கல் வைத்தாள். வாடகை பற்றி அவன் தொடங்கியபோது காது கேட்காதவள்போல இருந்தாள். அவளுக்கு வேறு கேள்வி இருந்தது.

"கோவிச்சுக்காத தம்பி. கேட்டு வச்சுக்கணும்ல. ஒனக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா காடியை எடுக்க யாரு வருவா?"

வருவார்கள் என்று சொல்ல நாக்கு எழுந்தது. அவன் அதை அடக்கினான்.

"யாரும் இல்லக்கா."

அவள் ஐயோ என்று சொல்லவில்லை. சரி என்றாள். குனிந்து செங்கல்லை இன்னும் கொஞ்சம் இறுக்கி வைத்தாள்.

பஸ்ஸை நம்பினால் நாலு மணிக்குப் போய்ச் சேர முடியாது என்று பூசாரி தன் மோட்டாரை உருட்டிக்கொண்டு வந்தார். காவி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உதைத்தார். சன்னாசி துணிப்பையைத் தோளில் மாட்டி, ஃபிளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். சாவியை நல்லம்மாளிடம் கொடுத்தான். கொடுத்த பிறகும் போகவில்லை. வலது பக்கக் கண்ணாடி முழுதாக ஏறாது, மழைச் சாரல் அடித்தால் சீட்டில் ஒரு சாக்கைப் போட்டால் போதும் என்றான். பேட்டரி கொஞ்சம் பலவீனம் என்றான். பானெட்டில் கோழி ஏறினால் ஏறட்டும், பரவாயில்லை என்றான். எல்லாவற்றுக்கும் அவள் தலையை ஆட்டினாள். மரத்தடியில் யாரோ பூ கேட்டு நின்றார்கள், அவள் கண் அந்தப் பக்கம் போய்விட்டு வந்தது. பூசாரி ஹாரனை ஒருமுறை அமுக்கினார். மணி மூன்றே முக்கால்.

சன்னாசி மோட்டாரின் பின்னால் ஏறி உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகு, பூசாரியின் தோளைத் தொட்டு ஒரு நிமிடம் என்றான்.

"அக்கா, சாயந்தரம் அஞ்சு மணியிலேர்ந்து ஏழு வரைக்கும் வெளியாளுங்களை உள்ள விடுறாங்களாம். ஒம்பதாவது வார்டு. ஒரு நாளைக்கு வந்து, ஒரே ஒரு நாளைக்கு, காடி எப்பிடி இருக்குன்னு சொல்லிட்டுப் போறீங்களா?"